அது இல்லாத இடம்

"இது வேற கடல்லேருந்து வந்ததுதானே மேடம்? ஆமான்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, அறிக்கையை முடிச்சுடறேன்" என்றார் குற்றாலலிங்கம்.

அவருக்கு ஐம்பத்தாறு வயது. கடல் ஆய்வு நிலையத்தில் முப்பது வருஷ சர்வீஸ். மேடத்துக்கு முப்பத்து நாலுதான். பெயர் பிரிசில்லா. ஹைட்ராய்டுகளை இனம் பிரிக்கத் தெரிந்தவர் அந்தப் பக்கத்தில் அவர் ஒருவர்தான் என்பதால், வயதைப் பார்க்காமல் பாடம் கேட்க வந்திருந்தார் லிங்கம். அதற்காக அவரைப் பாராட்டலாம். மற்றதற்குக் கொஞ்சம் பொறுங்கள்.

ஹைட்ராய்டு பார்வைக்குப் பாசி மாதிரி இருக்கும். பாசி இல்லை, பிராணி. கயிறு, வலை, சிப்பி, எது அகப்பட்டாலும் ஒட்டிக்கொண்டு குட்டி மரம்போலக் கிளை விடும். கிளையெல்லாம் கண்ணுக்குத் தெரியாத கிண்ணங்கள். கிண்ணத்தின் விளிம்பில் எத்தனை பல் என்று எண்ணித்தான் இன்ன இனம் என்று சொல்ல வேண்டும்.

லிங்கம் கொண்டுவந்ததில் ஒன்பது பல். இந்தக் கரையில் இருப்பதாக இதுவரை யாரும் எழுதிவைக்காத இனம்.

அது ஒட்டியிருந்தது ஒரு மீன் கூண்டு வலையில். பதினான்கு பெண்கள் சேர்ந்து கடலில் கூண்டு போட்டுக் கொடுவா வளர்க்கிறார்கள். வலை, வேறு மாநிலத்துத் துறைமுகத்தில் வாங்கிய பழைய வலை. அந்த வலையோடுதான் வந்தது என்று லிங்கம் எழுதினால், வேற்றுக்கடல் உயிர் இங்கே பரவக் கூடாது என்று கூண்டைப் பிரிக்கச் சொல்லி உத்தரவு வந்துவிடும். மீன் பாதிதான் வளர்ந்திருக்கிறது.

பிரிசில்லா மைக்ராஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுத்தார்.

"ஒன்பதுதான். சரியா எண்ணியிருக்கீங்க சார். இப்ப, இது இல்லாத இடத்துலேருந்து ஒரு சாம்பிள் கொண்டு வாங்க."

லிங்கத்துக்குச் சுருக்கென்றது. இல்லாததை எதில் அள்ளிக்கொண்டு வருவதாம்? சின்னப் பொண்ணு விளையாட்டுக் காட்டுகிறது என்று வீட்டில் போய்ப் புலம்பினார். போய்த்தான் பாருங்களேன் என்றாள் மனைவி.

போனார். கூண்டும் கிடையாது, கப்பலும் வராது என்ற கரைகளாகத் தேடி எட்டு நாள் அலைந்தார். பாறையைச் சுரண்டினார், செத்த சிப்பி பொறுக்கினார். பன்னிரண்டு பாட்டில் சேர்ந்தது. பன்னிரண்டிலும் 'இல்லை' என்று கொட்டை எழுத்தில் எழுதி ஒட்டி மேஜைமேல் வரிசையாக வைத்தார்.

பிரிசில்லா ஒவ்வொன்றாகப் பார்த்தார். முதல் ஆறில் ஒன்றுமில்லை. லிங்கம் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

ஏழாவதற்கு வெகுநேரம் ஆயிற்று. பிறகு பிரிசில்லா எழுந்து, தன் நாற்காலியில் லிங்கத்தை உட்காரச் சொன்னார்.

சிப்பியின் மடிப்புக்குள் நகக்கண் அளவில் ஒரு புதர். லிங்கம் எண்ணினார். மறுபடி எண்ணினார். ஒன்பது.

முகம் சிவந்துவிட்டது. ஆனாலும் மனுஷன் விடுவாரா? அப்படியானால் இது ஆதியிலிருந்தே நம்ம கடலில் இருப்பது, இப்போதே அப்படி எழுதிவிடுகிறேன், பாவம், அந்தப் பெண்கள் பிழைத்தார்கள் என்று சொல்லிக்கொண்டே பேனாவைத் திறந்துவிட்டார்.

"இந்தச் சிப்பிக்கு அது எப்ப வந்துச்சுன்னு உங்களுக்கு யாரு சார் சொன்னா?"

பேனாவை மூடினார்.

மிச்ச ஐந்து பாட்டிலையும் அவரே பார்த்தார். ஒன்றில் இருந்தது. நான்கில் இல்லை. அந்த நான்கோடு முதல் ஆறின் லேபிளையும் உரித்துப் போட்டு, 'நான் பார்த்த அளவில் இல்லை' என்று எழுதி ஒட்டினார். பிரிசில்லா பசை டப்பாவை நகர்த்திக் கொடுத்தார்.

அறிக்கை மூன்றே வரி. இனம் இது. கூண்டே இல்லாத இரண்டு கரைகளிலும் கிடைத்தது. வலையோடு வந்ததா, முன்பே இருந்ததா, தெரியவில்லை.

முப்பது வருஷத்தில் 'தெரியவில்லை' என்பதன் கீழ் அவர் கையெழுத்து விழுந்ததில்லை. இப்போது போட்டபின், தான் ரொம்பப் பெரிய மனுஷன் ஆகிவிட்டதாக அவருக்கு ஒரு நினைப்பு வந்தது.

அனுப்புமுன் கூண்டுக்காரப் பெண்களிடம் ஒரு வார்த்தை சொல்லலாம் என்று போனார். குழுத் தலைவி சந்தனமேரி கரையில் உட்கார்ந்து மீனுக்குத் தீனி வெட்டிக்கொண்டிருந்தார். லிங்கம் மூன்று வரியையும் படித்துக் காட்டினார். இதை வைத்துக் கூண்டைப் பிரிக்கச் சொல்ல முடியாது, பயப்பட வேண்டாம் என்றார். நன்றி சொல்வார் என்று எதிர்பார்த்து நின்றார்.

சந்தனமேரி கத்தியைக் கீழே வைத்தார்.

"எங்க மேல திருட்டுப் பழி விழுந்திருக்குன்னு வெச்சுக்குங்க. எடுத்தாங்களா, எடுக்கலையா, தெரியலன்னு நீங்க எழுதிட்டுப் போயிட்டா, ஊரு எங்கள எப்பிடி சார் பாக்கும்?"

லிங்கம் தெற்கே பார்த்தார். கரை கண்ணுக்கு எட்டிய தூரம் போய்க்கொண்டிருந்தது. அவர் பார்த்தது பன்னிரண்டு பாட்டில்.

செருப்பைக் கழற்றினார்.

"அடுத்து எந்தப் பாறையில பாக்கலாம்? நீங்க சொல்லுங்கம்மா."