கடலில் உட்காராத பறவை

அந்தக் காலத்தில் கடலும் பேசும், பறவையும் பேசும். யாரையும் ஊமை என்று ஒதுக்க முடியாது.

தென்கடல் தீவு ஒன்றிலிருந்து தெவாயி என்பவள் புதுத் தீவு தேடிக் கிளம்பினாள். இரண்டு படகுகளைச் சேர்த்துக் கட்டி, தாழையோலைப் பாய் விரித்த பெரிய படகு. குழந்தைகளோடு சேர்த்துப் பன்னிரண்டு பேர். திசை பார்த்துச் சொல்வது தெவாயிதான்.

பயணத்தில் சிக்கும் முதல் மீன் கடலுக்குச் சொந்தம் என்பது அவர்கள் வழக்கம். சிக்கிய முதல் மீனைத் தெவாயி கடலில் எறியப் போன நேரத்தில், கத்தரிபோல் பிளந்த வாலோடு ஒரு கருப்புப் பறவை தடுமாறி வந்து பாய்மரத்தடியில் விழுந்தது. அதன் பெயர் அத்தாபா. பசியில் கழுத்துகூட நிற்கவில்லை. தெவாயி மீனை அதன் வாயில் வைத்துவிட்டாள்.

"அண்ணி! அது கடலோடதாச்சே!" என்று பதறினான் கொழுந்தன் தமத்தோவா.

"ஒரு மீன் குறைஞ்சா கடலுக்குக் குடியா முழுகிப்போகும்?"

கடலுக்கு மூக்கு இல்லைதான். ஆனாலும் மூக்குக்கு மேல் கோபம் வந்தது. மேகத்தை இழுத்து வானத்தை மூடிவிட்டது. எட்டு நாளாகச் சூரியனும் இல்லை, நட்சத்திரமும் இல்லை. இளநீர் தீர்ந்தது. குழந்தைகள் அழக்கூடத் தெம்பில்லாமல் கிடந்தார்கள். இத்தனை பேரையும் நானே கொன்றுவிட்டேனோ என்று தெவாயி உள்ளுக்குள் நடுங்கினாள்.

"நான் மேலே போய்க் கரை தெரியுதான்னு பார்க்கிறேன்" என்று அத்தாபா எழுந்தது.

கடல் படகின் விளிம்புவரை எழும்பியது. "ஏய் கருப்பி! கரை தெரிஞ்சாலும் தெரியலைன்னு சொல்லு. ஆயுசு முழுக்க என்மேல மிதக்கலாம். மாட்டேன்னா, தண்ணி ஒட்டாம இருக்க உன் இறகுக்கு நான் கொடுத்த எண்ணெயைத் திருப்பிக் கொடு!"

"வேண்டாம்மா" என்றாள் தெவாயி. "கடலைப் பகைச்சுக்கிட்டு நீ எங்கே உட்காருவே?"

"பொய் சொல்லித்தான் உட்காரணும்னா, எனக்கு உட்காரவே வேண்டாம்."

அத்தாபா இறகு இறகாக ஓலைப்பாயில் தேய்த்தது. கடைசிச் சொட்டு எண்ணெயும் பாயில் இறங்கியது.

"இந்தா, உன் எண்ணெய். வழிச்சு எடுத்துக்கோ!" என்றது கடலிடம். பிறகு தெவாயியிடம், "அக்கா, இனி எனக்குத் தண்ணியில இடமில்லை. கரை இல்லேன்னா இந்தப் படகுக்குத்தான் வரணும். வரலேன்னா, நான் போன திசையில வாங்க" என்று சொல்லிவிட்டு மேகத்துக்குள் புகுந்தது.

மாலைவரை அது திரும்பவில்லை.

"களைச்சுப் போய் இறங்கினா அந்தக் கருப்பி. முழுங்கிட்டேன்" என்று சிரித்தது கடல். தமத்தோவா தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டான்.

தெவாயி எழுந்து நின்றாள். "பொய்! முழுங்கியிருந்தா ஒரு இறகையாவது என் மூஞ்சியில வீசியிருப்பே. அவ உட்கார இடம் கிடைச்சிருக்கு, அதான் வரலை. அவ போன பக்கமே துடுப்பைப் போடுங்கடா!"

மறுநாள் விடிந்தபோது எதிரே பச்சை மலை தெரிந்தது. கரையோர மரத்தின் உச்சியில் அத்தாபா உட்கார்ந்திருந்தது. "இவ்வளவு நேரமா?" என்று கேட்டது.

தீவுக்காரர்கள் அந்தப் பறவையைப் படகில் ஏற்றிச் செல்வதும், பறக்கவிட்ட பறவை திரும்பி வராவிட்டால் கும்மாளம் போடுவதும் அன்று முதல்தான். கடல் இன்னும் கீழே காத்துக் கிடக்கிறது. அந்தப் பறவையோ, தூக்கம் வந்தால்கூடப் பறந்துகொண்டே தூங்குகிறது.