சால்னாவில் ஓடிய மோட்டார்

தொம்மை பொய் சொல்லுவான் என்று நான் சொல்ல மாட்டேன். பொய் சொல்கிறவனுக்கு, மாட்டிக்கொள்வோமே என்று ஒரு பயம் இருக்கும். தொம்மைக்கு அது கிடையாது. அவன் வாயைத் திறந்தால் கேட்கிறவர்கள்தான் பயப்பட வேண்டும்.

அன்றைக்கு எங்கள் பயம் வேறு. சாளை மீன் கரையோரமாகக் கூட்டம் கூட்டமாக வந்துகொண்டிருந்தது, ஊரே அள்ளிக்கொண்டிருந்தது. பிலோமி அக்காவின் ஃபைபர் வள்ளம் மட்டும் மணலில் சும்மா கிடந்தது. அதன் சின்ன அவுட்போர்டு மோட்டார் தூத்துக்குடியில் மெக்கானிக் வேலாயுதத்திடம் ரிப்பேருக்குப் போயிருந்தது. அக்காவின் வள்ளத்தில் தொழிலுக்குப் போகிறவன் நான். வாரம் பூராவும் அடுத்தவன் கூடையை வேடிக்கை பார்த்து என் வயிறு எரிந்தது. சாளை நாளைக்கு இருக்கும், அதற்கு மேல் எந்தப் பக்கம் திரும்பும் என்று யாராலும் சொல்ல முடியாது. விடியும்போது மோட்டார் வள்ளத்தில் இருந்தாக வேண்டும். அதை எடுத்துவரத்தான் தொம்மையையும் அவன் பிக்கப்பையும் காலையில் அனுப்பியிருந்தோம். மத்தியானச் சாப்பாட்டுக்கு இங்கே இருப்பேன் என்று சொல்லிவிட்டுப் போனவன், பொழுது சாயும்போதுதான் ஏலக்கூடத்துக்கு முன்னால் வந்து பிரேக் போட்டான்.

வண்டியின் பின்னால் நீலத் தார்ப்பாய் மேடாக மூடிக் கிடந்தது. அதன்மேல் குறுக்கும் நெடுக்குமாகக் கயிறு. அதைப் பார்த்ததும் எனக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. ஓடிப்போய் முதல் முடிச்சில் கை வைத்தேன்.

"ஏய், தொடாத!" என்று தொம்மை பதறினான். "இப்பதான் அசந்திருக்கு."

"எது?"

"எஞ்சின்தான். தூத்துக்குடியில இருந்து தூங்காம வந்திருக்குவே."

பிலோமி அக்கா இடுப்பில் கை வைத்துக்கொண்டு வந்து நின்றாள். "யாம்ல இவ்வளவு நேரம்?"

"எக்கா, உன் மோட்டாரை எப்படிக் கொண்டுவந்தேன்னு கேட்டா நீ இப்படிக் கேக்க மாட்ட."

வலை பின்னிக்கொண்டிருந்த கஸ்பார் அண்ணன் ஊசியைக் கீழே வைத்தார். ஊரில் தொம்மையின் பேச்சை நம்பாமல் கேட்பதற்கென்றே பிறந்தவர் அவர். "ஆரம்பிச்சிட்டான்," என்றார். நான் முடிச்சை அவிழ்த்துக்கொண்டே இருந்தேன். மழையில் நனைந்து இறுகிப்போன கயிறு, நகத்தைப் பெயர்த்தது.

"பிக்கப்புல மோட்டார் ஏத்துறதுன்னா சும்மாவா?" என்று தொம்மை பானட்டில் சாய்ந்துகொண்டான். "முதல்ல பெட்ரோல் பூராத்தையும் வடிக்கணும். படுக்க வச்சா எஞ்சின் தலை மேல இருக்கணும், தண்ணியைத் தள்ளுற காத்தாடி கீழ இருக்கணும். மாத்தி வச்சா காத்தாடிப் பக்கம் நிக்கிற உப்புத்தண்ணி தலைக்குள்ள இறங்கிரும். அதுக்குன்னு நான் ஒரு மெத்தை போட்டேன் பாரு! அடியில லாரி டயரு, அதுமேல தேங்காய் நார் மூட்டை, அதுமேல பழைய வலை. வேலாயுதமே பாத்துட்டு, 'தொம்மை, நான் கொஞ்ச நேரம் இதுல படுத்துக்கிடட்டுமா'ன்னு கேட்டாரு."

"படுத்தாரா?" என்றார் கஸ்பார்.

"நேரம் இல்ல. எஞ்சினை டிரம்முத் தண்ணியில விட்டு ஓட்டிப் பாத்துட்டு இருந்தாரு. அப்ப தூறல் விழுந்துச்சு. நான் ஒரு டீ குடிச்சிட்டு வாரதுக்குள்ள தார்ப்பாய் போட்டுக் கட்டியாச்சு."

"அப்ப கட்டுனது அவரு."

"கட்டுனது அவரு. அப்படித்தான் கட்டணும்னு டீக்கடையில இருந்து நினைச்சது நான்."

டீ பாதிதான் குடித்தானாம். மீதிக் கிளாஸை பானட் மேல் வைத்துக்கொண்டு வண்டியை எடுத்தானாம். மோட்டாருக்கு அலுங்கக் கூடாது என்று அவன் ஓட்டின ஓட்டத்தில், பழையகாயல் வரும்போது டீ ஒரு சொட்டுச் சிந்தவில்லை, மேலே ஆடை படிந்திருந்தது.

"அது மட்டுமா? வண்டி நிக்குதுன்னு நினைச்சு ஒரு காக்கா தார்ப்பாய் மேல கூடு கட்டிருச்சு. கட்டிட்டுப் போவட்டும்னு விட்டேன். முட்டை போட்டுச்சு. ஆத்தூர் வாரதுக்குள்ள குஞ்சு பொரிச்சிருச்சு. அதுகளுக்கு றெக்கை முளைச்சுப் பறக்க விட்டுட்டு வாரேன். லேட்டு ஆவுமா ஆவாதா, நீயே சொல்லு எக்கா."

"காக்கா இருக்கட்டும்," என்றாள் பிலோமி அக்கா. "சட்டையில என்ன?"

அப்போதுதான் நானும் பார்த்தேன். அவன் வெள்ளைச் சட்டையில் நெஞ்சிலிருந்து வயிறு வரைக்கும் சால்னா வழிந்து காய்ந்திருந்தது. வேறு ஆளாக இருந்தால் அந்த இடத்திலேயே மாட்டியிருப்பான். தொம்மை அந்தக் கறையைப் பாசமாகத் தடவிக்கொடுத்தான்.

"இதுவா? இது எரிபொருள்."

கஸ்பார் அண்ணனுக்குப் புரையேறியது. நான் முதல் முடிச்சை அவிழ்த்து இரண்டாவதுக்குப் போனேன்.

"முக்காணி பாலத்துக்கிட்ட வந்தா மழைன்னா மழை, அப்படி ஒரு மழை. ஆத்துல போற தண்ணியும் ரோட்டுல போற தண்ணியும் ஒண்ணாயிருச்சு. வண்டி மிதக்குது. ஸ்டியரிங்கைத் திருப்புதேன், டயருக்குப் பிடிமானம் இல்ல. நம்ம யாரு? வள்ளத்துக்காரன் மவன். மோட்டார் எங்க இருக்கணும்? பின்னாலதான இருக்கணும்! எந்திரிச்சேன், எஞ்சினைத் தூக்குனேன், பிக்கப்போட பின்கதவுல மாட்டி ரெண்டு கிளாம்பையும் முறுக்குனேன்."

"பெட்ரோலைத்தான் வடிச்சாச்சே," என்றார் கஸ்பார்.

தொம்மை அவரைப் பரிதாபமாகப் பார்த்தான். "அதத்தான சொல்லுதேன். மத்தியானத்துக்குன்னு பரோட்டா பார்சல் வாங்கி வச்சிருந்தேன். சால்னாவைப் பிரிச்சு டேங்குல ஊத்துனேன். ஊத்தும்போது கொஞ்சம் சட்டையில பட்டுருச்சு. ஒரே ஒரு இழுப்பு, கயித்தை விடுறதுக்கு முன்னாலயே ஸ்டார்ட்டு! புகையா வந்துச்சு அது? பட்டை, கிராம்பு, சோம்பு! ரெண்டு கரையிலயும் ஆளுக இலையைப் போட்டுட்டு உக்காந்துட்டாவ."

பிலோமி அக்கா உதட்டைக் கடித்துக்கொண்டாள். அவள் சிரிப்பை அடக்குவது எனக்குத் தெரிந்தது. கோபமாக இருக்கும்போது சிரிப்பு வந்தால் அவளுக்கு இன்னும் கோபம் வரும். ஏலக்கூடத்தில் மீன் வாங்க வந்தவர்களும் கூடையை இறக்கிவைத்துவிட்டு நெருங்கி வந்தார்கள். கூட்டம் சேர்ந்ததும் தொம்மை பானட் மேலேயே ஏறி உட்கார்ந்துகொண்டான்.

"பின்னால வந்த பஸ்ஸு நடுவெள்ளத்துல நின்னு போச்சு. ஜன்னல் வழியா அத்தனை பேரும் 'தம்பி, தம்பி'ன்னு கையெடுத்துக் கும்புடுதாவ. மனசு கேக்குமா? கயித்தை எறிஞ்சேன், பஸ்ஸைக் கட்டி இழுத்துட்டுப் போறேன். அந்தக் கண்டக்டர் என்ன சொன்னான் தெரியுமா? பஸ்ஸுக்கு முன்னால போனாலும் பஸ்ஸோட சேந்துதான் போற, நீயும் டிக்கெட் எடுங்கான்!"

"எடுத்தியா?"

"பாஸ் இருக்குன்னு சொல்லிட்டேன். ஆறுமுகநேரி வந்தா ரயில்வே கேட்டு அடைச்சிருக்கு. தண்டவாளத்துக்கு மேல ஆள் உயரத்துக்குத் தண்ணி போவுது. ஆனா கேட்டு கேட்டுதான? ஸ்டெப்னி டயரை நங்கூரமாப் போட்டு வண்டியை நிறுத்திட்டேன்."

"அவ்வளவு தண்ணியில ரயில் எப்படிவே வரும்?" என்று கஸ்பார் அண்ணன் எழுந்தே நின்றுவிட்டார்.

"நீந்தி வந்துச்சு."

கூட்டம் வெடித்துச் சிரித்தது. கஸ்பார் அண்ணன் உட்கார்ந்துவிட்டார். எனக்குக் கை நழுவி, பாதி அவிழ்ந்த முடிச்சு மறுபடி இறுகிப்போனது. திட்டவும் முடியாமல் சிரிக்கவும் முடியாமல் பல்லால் கடித்து இழுத்தேன்.

"பஸ்ஸை மேட்டுல ஏத்தி விட்டாச்சு. காயல்பட்டினத்துப் பக்கம் தண்ணி கடல்ல விழுதுல்லா, நானும் அதோட கடல்ல இறங்கிட்டேன். திரும்பிப் பாக்கேன், சால்னா வாசனையைப் பிடிச்சிட்டு ஒரு திமிங்கலம் வருது! நம்ம ஏலக்கூடத்தை அதோட ஒரு மூக்குத் துவாரத்துல வச்சிரலாம். வாயைத் திறந்துச்சு. அதோட உள்நாக்கு தெரியுது எனக்கு. பரோட்டாப் பார்சலை அப்படியே உள்ள எறிஞ்சேன்."

"தின்னுருச்சா?"

"எங்க தின்ன? காலையில போட்ட பரோட்டா. இன்னும் மென்னுக்கிட்டுதான் இருக்கு. நாளைக்குக் கடலுக்குப் போவும்போது பாருங்க, அங்கனதான் நிக்கும்."

நாளைக்குக் கடலுக்கு என்று அவன் சொன்னதும் பிலோமி அக்காவின் முகம் மாறியது. "எல, கதை போதும். லேட்டு யாம்னு இன்னும் நீ சொல்லல."

"எக்கா, நான் லேட்டே இல்ல. அதத்தான் சொல்ல வாரேன்." தொம்மை குரலைத் தாழ்த்தினான். "திமிங்கலத்துக்குப் பயந்து எஞ்சினை முறுக்குனேனா? சால்னா வேகம் உனக்குத் தெரியாது. மத்தியானம் கிளம்புனவன் மத்தியானத்துக்கு முன்னாலயே வந்துட்டேன். இன்னும் கொஞ்சம் முறுக்குனேன், பாத்தா காலை வெயிலு அடிக்குது. கரையில நீ நிக்க. உன் பக்கத்துல நான் நிக்கேன்."

"நீ எங்கன நிக்க?"

"கரையில. காலையில கிளம்பும்போது நீ எனக்குக் காப்பி குடுத்தல்லா, அந்தக் காப்பியை ஊதி ஊதிக் குடிச்சிட்டு இருக்கேன். நான் கடல்ல இருந்து என்னையே பாக்கேன். நல்ல ஆளாத்தான் தெரிஞ்சேன்."

"பிறகு?" என்று கஸ்பார் அண்ணனே கேட்டுவிட்டார். கேட்டது அவருக்கே வெட்கமாகப் போய்விட்டது.

"பிறகென்ன, பயந்துட்டேன். இன்னும் ஒரு முறுக்கு முறுக்குனா நேத்தைக்குள்ள போயிருவேன். நேத்து இந்த மோட்டாரு ரிப்பேர்லதான கிடந்துச்சு? நடுக்கடல்ல நின்னு போவும்லா! அதான் ஆஃப் பண்ணிட்டு, எஞ்சினைத் துடைச்சு, பழையபடி மெத்தையில படுக்க வச்சு, தார்ப்பாய் போட்டு, பொழுது சாயட்டும்னு கடல்லயே காத்துக் கிடந்தேன். நீங்க என்னடான்னா லேட்டுங்கிய."

எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மீன்காரர் ஒருவர் கூடையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு குலுங்கினார். கடைசி முடிச்சு அப்போதுதான் என் கையோடு வந்தது. அக்காவும் நானும் ஆளுக்கொரு முனையைப் பிடித்துத் தார்ப்பாயை உருவினோம்.

லாரி டயர் இருந்தது. அதன்மேல் தேங்காய் நார் மூட்டை இருந்தது. அதன்மேல் பழைய வலை மேடாகச் சுருட்டி இருந்தது. ஒரு துளி ஈரம் இல்லை. மோட்டாரும் இல்லை.

நான் வலைக்குள் கையை விட்டுத் தேடினேன். மோட்டார் என்ன மோதிரமா, வலைக்குள் ஒளிந்துகொள்ள? இருந்தாலும் தேடினேன். விடிந்தால் சாளை, வள்ளம் மணலில். எனக்கு அழுகையே வந்துவிட்டது. தொம்மை பானட்டிலிருந்து இறங்கி வந்து பார்த்தான். அவன் வாய் மூடியிருந்ததை அன்றைக்குத்தான் முதலில் பார்த்தேன்.

பிலோமி அக்கா வேலாயுதத்துக்கு போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள்.

"மோட்டாரா? டிரம்முலயே மாட்டிக் கிடக்கு," என்றார் வேலாயுதம். "அருமையா ஓடுது. தூறல் விழுந்துச்சு, மெத்தை நனைஞ்சிரக் கூடாதேன்னு நான்தான் தார்ப்பாயைப் போட்டு இறுக்கிக் கட்டினேன். மோட்டாரை ஏத்தலாம்னு பாத்தா வண்டியைக் காணோம். தொம்மை பரோட்டா திங்கப் போனா லேசுல திரும்ப மாட்டானேன்னு கடையைத் திறந்து வச்சிட்டு உக்காந்திருக்கேன். சாப்பிட்டானா இல்லையா?"

அக்கா போனை வைத்தாள். எல்லோரும் தொம்மையைப் பார்த்தோம். அவன் தலையைச் சொறிந்தான், காலி மெத்தையைப் பார்த்தான், சட்டைக் கறையைப் பார்த்தான். பிறகு மெல்ல அவன் முகம் தெளிந்தது.

"பாத்தியளா?" என்றான் பெருமையாக. "அவ்வளவு மழை, வெள்ளம், ரயில், திமிங்கலம்! மோட்டாருக்கு ஒரு கீறல் விழுந்துச்சா? ஒரு சொட்டுத் தண்ணி பட்டுச்சா? இதுக்கு மேல பத்திரமா ஒரு மோட்டாரை யாரால கொண்டுவர முடியும்?"

கஸ்பார் அண்ணன் எழுந்து, வலை ஊசியைக் காதில் செருகிக்கொண்டு நடந்து போனார்.

பிலோமி அக்கா கோபப்படவில்லை. வண்டிக் கதவைத் திறந்து தொம்மையை உள்ளே தள்ளி, அவன் கையில் சாவியை வைத்தாள்.

"சரி தொம்மை. நீ சொன்னது அத்தனையும் நம்புதேன். இப்பப் போயி மோட்டாரை ஏத்திட்டு, காலையில நான் குடுத்த காப்பி ஆறுறதுக்குள்ள வந்து சேரு."