செவந்தி விரலுக்குப் பலம் தேடிய கதை

மலைமேல் ஒரு சோலைக்காடு. அங்கே செவந்தி என்கிற மந்தியும் கனகி என்கிற இருவாச்சிப் பறவையும் உயிர்த்தோழிகள். இரண்டும் சேர்ந்துவிட்டால் பேச்சுக்கு முற்றுப்புள்ளியே கிடையாது!

இருவாச்சிகளுக்கு ஒரு வழக்கம் உண்டு. முட்டையிடும் காலம் வந்தால் பெண்பறவை மரப்பொந்துக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். அலகு நுழையும் அளவுக்கு ஒரு கீற்று இடைவெளி விட்டு, வாசலை மண்ணால் அடைத்துவிடும். குஞ்சுகள் தேறும்வரை வெளியே தலைகாட்டாது. ஆண்பறவைதான் பழம் கொண்டுவந்து ஊட்டும். உள்ளே இருக்கும்போது அதன் சிறகெல்லாம் வேறு உதிர்ந்துபோகும். நினைத்தாலும் பறக்க முடியாது.

கனகிக்கும் அந்தக் காலம் வந்தது. "இருட்டுக்குள்ள தனியா எப்படிடீ இருப்பேன்!" என்று கண் கலங்கினாள்.

"நான் எதுக்குடீ இருக்கேன்! தினமும் எதிர்மரத்துல உட்கார்ந்து கிதார் வாசிக்கிறேன். நீ உள்ள இருந்து கேளு!" என்றாள் செவந்தி.

காட்டில் ஏது கிதார் என்று கேட்கிறீர்களா? சுற்றிப் பார்க்க வந்த சிலர், காலில் அட்டை ஏறியதும் அலறியடித்து ஓடினார்கள். பையையும் கிதாரையும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. புண்ணியவான்கள்! செவந்தி அதை எடுத்துத் தட்டித் தடவி, தானாகவே வாசிக்கக் கற்றுக்கொண்டாள்.

சொன்னபடி தினமும் வாசித்தாள். கனகி கேட்பது எப்போதும் மழைப்பாட்டுதான். அதன் நடுவில் ஒரு பொல்லாத இடம். ஒரே விரலைக் குறுக்கே படுக்கவைத்து ஆறு கம்பியையும் சேர்த்து அமுக்க வேண்டும். செவந்தி பல்லைக் கடித்து நெரிப்பாள். கிதார் 'டொக்' என்று அடைத்துக்கொள்ளும்.

"வந்துடுச்சுடீ உன் கிதாருக்கு இருமல்!" என்று கனகி உள்ளேயிருந்து சிரிப்பாள்.

விளையாட்டாகத்தான் சொன்னாள், பாவம். ஆனால் செவந்திக்குச் சுருக்கென்று தைத்துவிட்டது. நேரே மாடன் கரடியிடம் போய்ப் புலம்பினாள்.

மாடன் முன்பு கண்ணியில் மாட்டி, ஒரு கை மரத்துப்போய்க் கிடந்தவன். அந்தச் சுற்றுலாக்காரர்கள் விட்டுப்போன பையில் கைக்குப் பயிற்சி தரும் ஓர் இடுக்கி இருந்தது. இரண்டு கைப்பிடி, நடுவே சுருள்கம்பி. அதை அமுக்கி அமுக்கித்தான் அவன் கைக்கு மறுபடி உயிர் வந்தது. அதனால் உலகத்தில் எல்லா நோய்க்கும் அதுவே மருந்து என்று நம்பிக்கொண்டிருந்தான்.

"உனக்கு விரல்ல பலம் பத்தல புள்ள! இதை வச்சு அமுக்கு. அப்புறம் பாரு, கம்பியெல்லாம் உன் பேச்சைக் கேட்கும்!"

"நெசமாவா மாமா?"

"என் கையைப் பாரு, நம்பு!"

செவந்திக்குத் தலைகால் புரியவில்லை. 'பலம் ஏறும்வரை கிதாரைத் தொடமாட்டேன். ஒரேயடியாகப் போய் வாசித்துக் கனகியை அசத்துகிறேன்' என்று முடிவுகட்டினாள். யாரிடமும் மூச்சுவிடவில்லை. கரடிப் பாறைக்குப் பின்னால் உட்கார்ந்து விடிந்தால் அமுக்கினாள், பொழுது சாய்ந்தால் அமுக்கினாள். விரலெல்லாம் வீங்கிப்போனது. 'பலம் ஏறுகிறது' என்று சந்தோஷப்பட்டாள்!

அங்கே பொந்துக்குள் கனகி காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தாள். சத்தமே இல்லை. 'நான் சிரிச்சதுல கோவிச்சுக்கிட்டாளோ?' என்று அழுதாள். அப்புறம் பயம் பிடித்துக்கொண்டது. 'சிறுத்தை ஏதாவது அடிச்சிருக்குமோ?' கணவன் ஊட்டிய அத்திப்பழம் தொண்டையில் இறங்கவில்லை.

ஒருநாள் காலை அந்த ஆண் இருவாச்சி செவந்தியைத் தேடித் தேடிக் கரடிப் பாறைக்கு வந்து சேர்ந்தது.

"அடிப்பாவி! இங்கயா இருக்கே! கனகி சுவரைக் கொத்த ஆரம்பிச்சுட்டா! உன்னைத் தேடி வெளியே வரப்போறாளாம்!"

"ஐயோ அண்ணே! குஞ்சுங்க?"

"இறகுகூட முளைக்கல! கீழ்க்கிளையில மரநாய் நாக்கைத் தொங்கப்போட்டுக்கிட்டு உட்கார்ந்திருக்கு! இங்க அப்படி என்னதான் பண்றே?"

"விரலுக்குப் பலம் ஏத்துறேன்..."

"பலமா! ஒத்தைக் கையால தொங்கிக்கிட்டே பலாப்பழத்தைப் பிச்சுத் தின்கிறவ நீ! உனக்கா பலம் பத்தல?"

மாடன் தலையைச் சொறிந்தான். "அட, ஆமால்ல!"

செவந்தி இடுக்கியை வீசிவிட்டுக் கிதாரைத் தூக்கிக்கொண்டு பறந்தாள். வாசல் மண் பொலபொலவென்று உதிர்ந்துகொண்டிருந்தது.

"கனகி! நிறுத்துடீ! நான்தான்!"

"போ மைனா! நேத்தும் அவ குரல்லயே கூப்பிட்டு ஏமாத்தினே. இன்னொரு தடவை ஏமாறமாட்டேன்!" என்று கத்திவிட்டுக் கனகி இன்னும் வேகமாகக் கொத்தினாள்.

மலைமைனா எந்தக் குரலிலும் பேசும். கிதார் வாசிக்க அதனால் முடியாது. செவந்தி மழைப்பாட்டை எடுத்தாள். கொத்தும் சத்தம் கொஞ்சம் தயங்கியது. ஆனால் நிற்கவில்லை. அந்தப் பொல்லாத இடம் வந்தது. நெரிக்கப் பார்த்தாள். வீங்கிய விரல் விண்ணென்று வலித்தது, நெரிக்க முடியவில்லை. வேறு வழியில்லாமல், கிதாரின் கழுத்தில் குறுக்கே பதித்திருந்த உலோகப் பட்டையை ஒட்டி விரலை மெல்லச் சாய்த்து, கையின் கனத்தை மட்டும் அதன்மேல் விட்டாள்.

ஆறு கம்பியும் கணீரென்று பேசின!

செவந்தியாலேயே நம்ப முடியவில்லை. பிறந்ததிலிருந்து கிளையை இறுகப் பிடித்துப் பழகிய கை அது. கம்பியையும் விட்டால் விழுந்துவிடுவோம் என்பதுபோல் இத்தனை நாளும் நெரித்திருக்கிறது. பலம் கூடிப்போனதுதான் கோளாறே!

கொத்தும் சத்தம் நின்றது. உள்ளேயிருந்து விம்மல் கேட்டது.

"எங்கடீ போய்த் தொலைஞ்சே?"

"உனக்கு நல்லா வாசிச்சுக் காட்டணும்னு..."

"நல்ல வாசிப்பை எவ கேட்டா? நீ எதிர்ல இருக்கேன்னு தெரிஞ்சா போதாதா எனக்கு?"

செவந்தி கிதாரைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள். பின்னாலேயே ஓடிவந்த மாடன் கை நிறையச் சேறு அள்ளிவந்து உதிர்ந்த வாசலருகே நீட்டினான். கனகி உள்ளேயிருந்து அலகால் வாங்கிப் பூசிக்கொண்டாள். மரநாய் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு நழுவியது.

"இடுக்கி என் கையைக் காப்பாத்துச்சு புள்ள. அதான் சொன்னேன்" என்றான் மாடன் தயங்கித் தயங்கி.

"உங்க அடிபட்ட கைக்கு அது சரி மாமா. என் கையில அடியே படலியே!" என்று மூக்கைச் சிந்திவிட்டு, செவந்தி மறுபடி முதலிலிருந்து வாசிக்கத் தொடங்கினாள்.

குழந்தைகளே, வாசிக்கிற விரலுக்கு வேண்டியது வாசிக்க வாசிக்கத்தான் வரும். முதலில் பலத்தைச் சேர்த்துக்கொண்டு அப்புறம் வாசிக்கலாம் என்று ஒதுங்கிப்போனால், நமக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருக்கிறவரைத்தான் தவிக்கவிடுவோம்.