கூத்தன்பாறை ஜமீனில் துப்பாக்கி சுட்ட கதை

கூத்தன்பாறை ஜமீன் அரண்மனைக்குக் காவல்காரர்கள் மூன்று பேர். தலைவன் மாயழகு. அவனுக்கு அடுத்தவன் ஒச்சப்பன். மூன்றாவது ஆள் சோணை. அவன் உடம்பைப் பார்த்து ஊரே அவனைக் குண்டு என்றுதான் கூப்பிடும். சோணை என்று கூப்பிட்டால் அவனே திரும்பிப் பார்க்க மாட்டான். மூவரும் சொன்ன சொல்லை ஓர் எழுத்துப் பிசகாமல் செய்கிறவர்கள். ஜமீன்தாருக்கு அவர்களிடம் பிடித்தது அது ஒன்றுதான். அவர் பயந்ததும் அதற்குத்தான்.

அந்த வருஷம் கொடுக்கு ராக்கன் என்றொரு கொள்ளைக்காரன் அக்கம்பக்கத்து ஜமீன்களைப் பட்டப்பகலிலேயே சுருட்டிக்கொண்டு போனான். மதியச் சாப்பாடு முடிந்து ஊர் கண்ணயரும் நேரம்தான் அவனுக்கு முகூர்த்தம். கூத்தன்பாறையிலோ தை மாதம் மகள் கல்யாணம். நகையெல்லாம் செய்து வீட்டில் வைத்திருக்கிறது. ஜமீன்தார் பயந்துபோய்ப் பட்டணத்திலிருந்து புத்தம்புதுக் கைத்துப்பாக்கி ஒன்றை வரவழைத்தார்.

கொண்டுவந்த கடைக்காரர் காவல்காரர்களை நிற்கவைத்து விளக்கினார்.

"நல்லாக் கேட்டுக்கங்க. தோட்டாப் பெட்டியை நெருப்பு அண்டாத இடத்துல வையுங்க. சுடணும்னா உள்ள குண்டு சரியா உட்காரணும். மருந்து ஈரமாகக் கூடாது. குறி வச்சு, குதிரையை மெதுவா இழுக்கணும். அம்புட்டுதான்."

"இம்புட்டுதானா? எங்களுக்கு விட்டுருங்க" என்றான் மாயழகு.

கடைக்காரர் நிம்மதியாக வண்டி ஏறினார். ஜமீன்தாரும் பந்தல்காரரைப் பார்க்க வெளியூர் புறப்பட்டார். மூவரும் வேலையை ஆரம்பித்தார்கள்.

முதல் கேள்வி, நெருப்பு அண்டாத இடம் எது?

"சாமி ரூம்?" என்றான் சோணை.

"அங்க விளக்கு எரியுது."

"நெல்லுக் குதிரு?"

"போன வருஷம் அதுதானடா பத்திக்கிட்டு எரிஞ்சுச்சு."

ஒச்சப்பன் கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் யோசித்தான். "நெருப்பு எட்டிக்கூடப் பார்க்காத இடம் ஒண்ணு இருக்கு. நம்ம கிணறு."

மாயழகு அவனைக் கட்டிக்கொண்டான். தோட்டாப் பெட்டி தொபுக்கென்று கிணற்றுக்குள் போயிற்று. இனி ஊரே எரிந்தாலும் அதற்கு ஒரு குறையும் வராது.

அப்புறம் மாயழகு துப்பாக்கியை எடுத்து, சுண்ணாம்பைத் தொட்டு அதன் நெற்றியில் பெரிதாக ஒரு குறி வைத்தான். கொல்லைப்புறத்துப் பனைமரத்துக்கு நேராக நீட்டிக்கொண்டு நின்றான். நின்றான், நின்றான், கை வலிக்கும்வரை நின்றான்.

"சுடலையே!"

"குண்டு சரியா உட்காரணும்னு சொன்னாருல்ல?" என்றான் ஒச்சப்பன்.

இரண்டு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். சோணை வாசல்படியில் ஒரு காலை நீட்டி, ஒரு காலை மடக்கி, சரிந்து உட்கார்ந்திருந்தான்.

"ஏண்டா, இப்படி உட்கார்ந்தா அது எப்படிடா சுடும்?"

பலகை போட்டு, சம்மணம் கட்டவைத்து, முதுகை நிமிர்த்தி உட்காரவைத்தார்கள். துப்பாக்கி சுடவில்லை. சோணைக்குக் கண் கலங்கிவிட்டது. "பொறந்ததுலேருந்து நான் இவ்வளவு நல்லா உட்கார்ந்ததே இல்லண்ணே" என்றான்.

"குண்டு மேல குத்தமில்லை. இன்னும் குதிரையை இழுக்கலையே" என்று மாயழகு அவனைத் தேற்றினான்.

துப்பாக்கியின் விசைக்கும் குதிரை என்றுதான் பேர் என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. லாயத்தில் ஜமீன்தாரின் கிழட்டுக் குதிரை நின்றிருந்தது. அதன் கழுத்தில் கயிற்றைக் கட்டி, கடைக்காரர் சொன்னபடியே மெதுவாக, மிக மெதுவாக ஒச்சப்பன் இழுத்தான். குதிரைக்கு அந்த மரியாதை பிடிக்கவில்லை. அது பின்பக்கமாக ஓர் ஓட்டம் ஓடியது. ஒச்சப்பன் எருக்குழியில் போய் விழுந்தான்.

"சுட்டுச்சா?" என்று குழிக்குள்ளிருந்தே கேட்டான்.

"இல்லை."

"அதான் இழுத்தாச்சே!"

"நீ எங்கடா இழுத்த? குதிரைல்ல உன்னை இழுத்துச்சு. அது கணக்குல வராது."

மிச்சம் இருந்தது மருந்து. துப்பாக்கியைத் துண்டில் சுற்றித் தோளில் சாய்த்துக்கொண்டு மூவரும் வைத்தியர் வீட்டுக்குப் போனார்கள்.

"யாருக்கு உடம்பு சரியில்லை?" என்றார் வைத்தியர்.

"இதுக்குத்தாங்க."

கூத்தன்பாறை வைத்தியரும் கூத்தன்பாறையில் பிறந்தவர்தான். அவர் துப்பாக்கியை வாங்கி, கைப்பிடியில் மூன்று விரல் வைத்து நாடி பார்த்தார். முகம் மாறியது.

"எப்பலேருந்து இப்படி?"

"வந்ததுலேருந்தே ஒரு சத்தம் இல்லைங்க. வாயைத் திறந்தது திறந்தபடி கிடக்கு."

"உடம்பு சில்லுன்னு இருக்கே! சூடே இல்லை. உள்ள வாயு கட்டியிருக்கு." அவர் சுக்குப் பொடியைக் குழாய்க்குள் கொட்டித் தட்டினார். "மருந்து ஈரமாகக் கூடாதுன்னு கடைக்காரர் சொன்னதாச் சொல்றீங்க, அதனால தேன் வேண்டாம். நல்ல வெயில்ல போடுங்க. உடம்புல சூடு ஏறுனா தானா சுடும்."

பொன்னுருகக் காயும் புரட்டாசி வெயில் அது. அரண்மனை முற்றத்தில் பாய் விரித்து, துப்பாக்கியை வடகம் மாதிரி காயப்போட்டு, சுற்றி மூவரும் குடையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். உச்சிப்பொழுது தாண்டியதும் ஒச்சப்பன் ஒரு விரலால் தொட்டான். வெடுக்கென்று இழுத்துக்கொண்டான்.

"அண்ணே! சுடுதுண்ணே!"

மாயழகு தொட்டான். "ஆமாடா, சுடுது!"

சோணையும் தொட்டு, விரலை வாயில் வைத்துக்கொண்டே ஆடினான். மூவரும் கட்டிப்பிடித்துக் குதித்துக்கொண்டிருக்கும்போது கொடுக்கு ராக்கன் சுவரேறி உள்ளே குதித்தான். அவன் ஆட்கள் நாலைந்து பேர் சுவருக்கு அந்தப் பக்கம் காத்திருந்தார்கள்.

ராக்கன் கையில் அரிவாள். மூவரும் ஒருவர் பின்னால் ஒருவர் ஒளியப் பார்த்தார்கள். சோணை அழவே ஆரம்பித்துவிட்டான்.

"நகைப் பெட்டி எங்கடா?"

மாயழகு இரண்டடி பின்வாங்கினான். ஆனாலும் ஜமீன்தாரின் சோற்றைத் தின்றவன். "உள்ள இருக்கு. ஆனா எங்ககிட்ட துப்பாக்கி இருக்கு" என்றான்.

ராக்கன் அப்போதுதான் பாயைப் பார்த்தான். அவனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இதுவரை அரிவாளை வைத்தே பிழைப்பு நடத்தியவன். "இதுவா? நமக்கே ஆகட்டும்" என்று குனிந்தான்.

"அய்யோ, தொடாதீங்க! சுடும்!" என்று மாயழகு கத்தினான். எதிரியே ஆனாலும் உள்ளதைச் சொல்வதுதானே முறை.

"யாருகிட்ட பூச்சாண்டி காட்டுற?" என்று ராக்கன் இரும்புக் குழாயை இறுக்கிப் பிடித்தான்.

"ஆத்தாடீ! சுட்டுருச்சே! சுட்டுருச்சேடா!"

சுவருக்கு வெளியே நின்றவர்கள் அதைக் கேட்டார்கள். தலைவனே சுடப்பட்ட பிறகு நின்று என்ன பார்ப்பது? வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எடுத்தார்கள் ஓட்டம். தன் ஆட்கள் ஓடுகிற சத்தம் கேட்டதும், போலீஸ்தான் வந்துவிட்டது என்று நினைத்து, ராக்கனும் கையை உதறிக்கொண்டே சுவர் தாண்டி ஓடினான்.

மறுநாள் ஜமீன்தார் திரும்பினார். வழியெல்லாம் ஊர்ஜனம் செய்தி சொல்லிவிட்டது. வந்ததும் வராததுமாக மாயழகைக் கூப்பிட்டார்.

"நிஜமாவே ராக்கனைச் சுட்டுச்சா?"

"ஆமாங்க ஐயா. உள்ளங்கையில."

"ரத்தம் நிறையப் போயிருக்குமே?"

"ரத்தமெல்லாம் இல்லீங்க. கொப்புளம்தான்."

ஏதோ கேட்க வாயெடுத்த ஜமீன்தார், நகைப் பெட்டி இருந்த இடத்திலேயே இருப்பதைப் பார்த்துவிட்டு, மேற்கொண்டு எதையும் கேட்பதில்லை என்று முடிவு செய்தார். மூவருக்கும் புதுத் தலைப்பாகை கட்டிவிட்டு மறுபடியும் ஊர்ப் பயணம் போய்விட்டார்.

ஐப்பசி பிறந்தது. அடைமழை பிடித்துக்கொண்டது. வாரக்கணக்கில் சூரியனைக் காணோம். முற்றத்துப் பாய் நனைந்து கிடந்தது. துப்பாக்கி தவளை மாதிரி சில்லிட்டுப் போயிற்று. காவல்காரர்கள் கவலையோடு கூடிப் பேசினார்கள். சுடாத துப்பாக்கியை வைத்துக்கொண்டு சுடும் என்று ஊரை நம்பவைப்பது பெரிய மோசடி என்று மாயழகு அடித்துச் சொன்னான். மற்ற இருவரும் ஒப்புக்கொண்டார்கள்.

அன்று சாயங்காலமே கூத்தன்பாறையிலும் சுற்றுவட்டாரத்திலும் கொட்டும் மழையில் தண்டோரா போட்டார்கள்:

"இதனால் கொள்ளைக்காரர்கள் அனைவருக்கும் அறிவிப்பது என்னவென்றால், மேகமூட்டம் காரணமாக அரண்மனைத் துப்பாக்கி தற்சமயம் சுடாது. ஆகையால் வெயில் வந்த பிறகு வரவும். அவசரமாக வந்தே ஆகவேண்டியவர்கள் காலையிலேயே சொல்லியனுப்பினால், அடுப்பில் வைத்துத் தயாராக இருப்போம்!"