மைக்கை வாங்கிய பொன்னாடை

கருத்தரங்கில் அமர்வுத் தலைவர் வரவில்லை. துறைத்தலைவர் ஆய்வு மாணவி தவமணியை அந்த நாற்காலியில் உட்கார வைத்தார்.

"முன்னாள் துணைவேந்தர் வேதநாயகம் மைக்கைப் புடிச்சா விடமாட்டார். மணி அடிச்சா, துண்டுச்சீட்டு நீட்டினா கோபப்படுவார். ஆனா சாப்பாட்டுக்கு முன்னாடி மத்தவங்களும் கட்டுரை வாசிச்சாகணும். இல்லேன்னா உன் ஆய்வேட்டுல என் கையெழுத்து விழாது."

வேதநாயகம் பேசிக்கொண்டே போய், தன் ஜெர்மனிப் பயணத்துக்குள் நுழைந்தார். தவமணி எழுந்தாள். பேச்சு முடிந்ததும் போர்த்த வைத்திருந்த பொன்னாடையை எடுத்து அப்போதே அவர் தோளில் போர்த்தினாள். அரங்கம் நிம்மதியாகக் கைதட்டியது. பழக்கதோஷத்தில் அவர் கும்பிட்டு, போட்டோவுக்குச் சிரித்தார். அதற்குள் அடுத்தவர் மைக் முன்னால் நின்றார்.

"பாதியிலயே நிறுத்திட்டியேம்மா" என்றார் வேதநாயகம்.

"நான் நிறுத்தலைங்கய்யா, போர்த்தினேன். கும்பிட்டு முடிச்சது நீங்கதான்."