செம்பாயி அணைக்காத நெருப்பு

அந்தக் காலத்தில் கல்லும் கடலும் பேசும். நின்று கேட்கத்தான் மனிதர்களுக்குப் பொறுமை இல்லை. கடலோரத்து ஊர் ஒன்றில் ஒரு வழக்கம் இருந்தது. கடலுக்குப் போனவன் திரும்பவில்லை என்றால் அவன் பெண்டாட்டி கரையில் நெருப்பு வைப்பாள். அலை ஒதுக்கிய கட்டையை மட்டும்தான் எரிக்கலாம். கட்டை தீர்ந்து நெருப்பு அணைந்தால், ஆள் இல்லை என்று மனதைத் தேற்றிக்கொள்ள வேண்டியதுதான்.

செம்பாயியின் புருஷன் கூத்தன் வரவில்லை. நெருப்போ அணையப் போகிறது. ஈரத்தலையோடு வாசலில் வந்து நின்று, "பசிக்குது புள்ள" என்று அவன் சொல்வதை இன்னொரு தடவை கேட்டுவிட மாட்டோமா என்று அவளுக்கு ஏக்கம். கட்டை ஏதும் புதைந்திருக்கிறதா என்று மணலைத் தோண்டினாள். கறுப்புக் கல்தான் கிடைத்தது.

"என்னைய எரிச்சிராத தாயி," என்றது கல். "ஒரு காலத்துல நான் காடா நின்னவன். மண்ணுக்குள்ள மூச்சை அடக்கிக்கிட்டுக் கெடக்கேன். எரிச்சா அந்த மூச்சு மேல போயி, பூமியப் போர்வையாட்டம் மூடிக்கிரும். அப்புறம் வாங்குன சூட்டைப் பூமியால வெளிய விட முடியாது."

"அவுக வர்ற வரைக்கும்தான். ஒரு கூடை போதும்," என்றாள் செம்பாயி.

"ஒரு கூடையோட நிறுத்துவியா?"

அவள் கல்லை நெருப்பில் போட்டாள். குனிந்து ஊதினாள்.

நெருப்பு என்றால் அப்படியொரு நெருப்பு. காத்திருந்த மற்றப் பெண்களும் கூடையோடு வந்தார்கள். பிறகு உப்புக் காய்ச்சுகிறவர்கள், இரும்படிக்கிறவர்கள், கடைசியில் சும்மா குளிர்காய வந்தவர்கள் என்று ஊரே தோண்டியது. யாரைக் குற்றம் சொல்ல? ஆளுக்கு ஒரு கூடைதானே.

மார்கழியிலும் வியர்த்தது. வடக்கே மலைப்பனி உருகி ஓடிவந்து கடலில் சேர்ந்தது. சூடேறிய கடல் உலை மாதிரிப் பொங்கியது.

ஒருநாள் விடியலில் வாசலில் சத்தம். அவன்தான் என்று செம்பாயி ஓடிப்போய்க் கதவைத் திறந்தாள். கடல் நின்றுகொண்டிருந்தது.

"கூத்தன் எங்கிட்டதான் இருக்கான். இனி வரமாட்டான் தாயி," என்றது கடல். "நெருப்பை அணைச்சிரு. நான் திரும்பிப் போயிருதேன்."

செம்பாயி அழுதாள். அவளுக்குப் புரியாமல் இல்லை. ஆனால் அணைத்துவிட்டால் அவன் செத்தவன் ஆகிவிடுவானே. கனலைச் சட்டியில் அள்ளிக்கொண்டு, பின்னால் இருந்த மேட்டில் ஏறி மறுபடியும் மூட்டினாள்.

அன்று முதல்தான் கடல் ஒவ்வொரு வாசலாக ஏறி வருகிறது. நாமும் நெருப்பை அணைக்காமல், மேடு பார்த்துத் தள்ளித் தள்ளி வைத்துக்கொண்டிருக்கிறோம்.