மயிலைக்கு இன்று ஓட்டமில்லை

“ஓட்டத்தை நிறுத்துன்னு மட்டும் சொல்லாதீங்க, அம்மிணி. கால் வலிக்காம ஓட ஒரு வழி சொல்லுங்க.”

கேட்டவர் மளிகைக்கடை சென்னியப்பன், வயது ஐம்பத்தொன்று.

கேட்டது பூங்கோதையிடம், அவள் வீட்டுக் களத்தில். அவரைவிடப் பதினைந்து வயது இளையவள். ஆனாலும் அந்த வட்டாரத்தில் ஓடக் கற்றுக்கொடுக்க அவளை விட்டால் ஆளில்லை. அப்பா விட்டுப்போன ரேக்ளா வண்டிப் பந்தயக் காளைகளையும் அவள்தான் பழக்கிவந்தாள்.

“எத்தனை நாளா வலிங்கண்ணா?”

“இருபது நாளா. தைலம் தேய்ச்சு, பேண்டேஜ் சுத்திட்டு ஓடறேன்.”

“ஒரு நாளாவது நின்னீங்களா?”

“நின்னதே இல்லீங்க.” குரலில் கொஞ்சம் பெருமை வேறு.

“ஏனுங்க அப்படி?”

சென்னியப்பன் தொண்டையைச் செருமினார்.

“எங்கப்பன் அம்பத்திரண்டுல போயிட்டாருங்க. நெஞ்சுவலி. எனக்கு வர்ற தையில அம்பத்திரண்டு. ஒரு நாள் நின்னாலும் அது வந்து புடிச்சுக்குமோன்னு பயமா இருக்குது.”

மனைவியிடம்கூட அவர் இதைச் சொன்னதில்லை.

பூங்கோதை தொழுவத்துப் பக்கம் கையை நீட்டினாள்.

“அந்த மயிலைக்காளையை அவுத்து, களத்தைச் சுத்தி ரெண்டு சுத்து ஓட்டிட்டு வாங்க. ஞாயித்துக்கிழமை பந்தயம்.”

கால்வலிக்கு வழி கேட்க வந்தவனுக்கு மாட்டு வேலையா? முணுமுணுத்துக்கொண்டே போனார். போன சுருக்கில் வெறுங்கையோடு திரும்பி வந்தார். முகம் சிவந்திருந்தது.

“ஏன் அம்மிணி, அதோட முன்னங்கால்ல வீக்கத்துக்கு மூலிகைப் பத்து போட்டுக் கட்டினது யாரு?”

“நான்தானுங்க.”

“பத்தும் போட்டு, பந்தயத்துக்கும் ஓட்டச் சொன்னா எப்படிங்க? கால் போயிருமுங்க!”

“பழக்கம் விட்டுப்போயிருமே?”

“விட்டா மறுபடி பழக்குங்க. வாயில்லாத ஜீவன், பாவம். பத்து நாள் சும்மா கட்டிப்போட்டுத் தீனி வைங்க. நின்னா என்ன, செத்தா போயிரும்?”

கேட்டுவிட்டு அப்படியே நின்றார்.

பூங்கோதை அவர் காலைப் பார்த்தாள். அவரும் குனிந்து பார்த்தார். ஷூவுக்கு மேலே பேண்டேஜ் எட்டிப் பார்த்தது.

தொழுவத்தில் மயிலை நிதானமாக அசைபோட்டுக்கொண்டிருந்தது.

சென்னியப்பனுக்கு முதலில் கண் கலங்கியது. பிறகு சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அப்பாடா என்று களத்து மேட்டிலேயே உட்கார்ந்து, ஷூவின் முடிச்சை அவிழ்த்தார்.

“மயிலைக்கு என்ன தீனி வைக்கறீங்க, அம்மிணி?”